வன்னியா, முல்லைத்தீவா? மாகாண சபைக்கு என் வாக்கு எந்த மாவட்டத்தில்?

வாசகர் கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. சொந்த ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில் மல்லாவி. இப்போது கொழும்பில் ஒரு தனியார் கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. ஜனாதிபதித் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல், பிரதேச சபைத் தேர்தல் எல்லாவற்றிலும் வாக்களித்துவிட்டேன். மாகாண சபைக்கு மட்டும் இன்னும் வாய்க்கவில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் என் வாக்கு வன்னி மாவட்டக் கணக்கில் போனது. அப்பாவோ, "மாகாண சபைக்கு நாங்கள் முல்லைத்தீவு" என்கிறார். யார் சொல்வது சரி? எல்லை நிர்ணயம் முடியாததால்தான் தேர்தல் நடக்கவில்லை என்கிறார்கள். ஒரு கோடு கீற இவ்வளவு காலமா? புதிய முறை வந்தால் மல்லாவிக்கென்று ஒரு உறுப்பினர் கிடைப்பாரா? என் வாக்காளர் பதிவைக் கொழும்புக்கு மாற்றுவது நல்லதா?

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற உதவித் தேர்தல்கள் ஆணையாளர் ஒருவர்

பிள்ளை, நீங்கள் சொல்வதும் சரி, அப்பா சொல்வதும் சரி. இரண்டும் இரண்டு வேறு தேர்தலுக்கான கணக்கு. எங்கள் நாட்டில் ஒருவருடைய வாக்கு தேர்தலுக்குத் தேர்தல் வேறு வேறு எல்லைக்குள் எண்ணப்படுகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. வேட்பாளர்களாக வருபவர்களே சிலவேளை கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வந்து இதைக் கேட்பார்கள்.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு நாடு 22 தேர்தல் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நிர்வாக மாவட்டங்கள் 25. தேர்தல் மாவட்டங்கள் 20க்குக் குறையாமலும் 24க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்று 1978 அரசியலமைப்பே சொல்லிவிட்டது. ஆகவே கச்சேரிக்கொரு தேர்தல் மாவட்டம் என்று பிரிக்க முடியாது. மூன்று இடம் குறைகிறது அல்லவா, அந்த மூன்றும் வடக்கில்தான் குறைகிறது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து 'வன்னி' என்ற ஒரே தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி 1984இல்தான் தனி நிர்வாக மாவட்டமானது. நாடாளுமன்றக் கணக்கில் அது இன்னும் யாழ்ப்பாணத்தோடுதான் நிற்கிறது.

மாகாண சபைத் தேர்தலுக்கு இந்த 22 கணக்கு கிடையாது. 1988ஆம் ஆண்டின் மாகாண சபைகள் தேர்தல் சட்டப்படி ஒவ்வொரு நிர்வாக மாவட்டமும் தனித்தனியாகத் தன் உறுப்பினர்களைத் தெரிவு செய்யும். 2013 செப்டெம்பர் 21இல் வட மாகாண சபைக்கு நடந்த தேர்தலில் யாழ்ப்பாணத்துக்கு 16 ஆசனம், வவுனியாவுக்கு 6, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் 5 வீதம், கிளிநொச்சிக்கு 4. கூட்டினால் 36. அதோடு மாகாணம் முழுவதிலும் முதலிடம் வந்த கட்சிக்கு 2 போனஸ் ஆசனம் சேர்ந்து 38. உங்கள் அப்பா வாக்களித்தது அந்த முல்லைத்தீவு 5க்குத்தான். வன்னி என்ற பெயருக்கே அங்கே வேலையில்லை.

மூன்றாவதாக 'தொகுதி' என்று ஒன்று இருக்கிறது. தேர்தல் இரவில் வானொலியில் "வன்னி மாவட்டம், முல்லைத்தீவுத் தேர்தல் தொகுதி" என்று முடிவு வாசிப்பார்களே, அது. நாடு முழுவதும் இப்படி 160 தொகுதிகள். இவை 1976இல் கீறிய எல்லைகள். அந்த 160இலிருந்து 1977இல் 168 பேர் நாடாளுமன்றம் போனார்கள், ஏனென்றால் ஆறு தொகுதிகள் பல அங்கத்தவர் தொகுதிகள். நுவரெலியா-மஸ்கெலியாவில் மூன்று பேர்: காமினி திஸாநாயக்க, அநுர பண்டாரநாயக்க, சௌமியமூர்த்தி தொண்டமான். பெரும்பான்மை யாராக இருந்தாலும் சிறுபான்மைக்கும் ஒரு கதிரை கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே வகுத்த தொகுதி அது. பிறகு விகிதாசார முறை வந்ததும் தொகுதிக்கென்று உறுப்பினர் இல்லாமல் போனார். வாக்கை எண்ணவும் முடிவை அறிவிக்கவும் மட்டும் அந்தப் பழைய கோடுகளை இன்றும் வைத்திருக்கிறோம். வானொலியில் முல்லைத்தீவுத் தொகுதியில் யார் முதலாவது என்று கேட்டு ஊரில் வெடி கொளுத்துவார்கள். கொளுத்தட்டும். அந்த முடிவால் மட்டும் யாரும் தெரிவாவதில்லை.

சரி, வன்னியோ முல்லைத்தீவோ, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். நிறையவே வருகிறது.

2013இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான வாக்காளர்கள் 426,813 பேர். முல்லைத்தீவில் 53,683 பேர். ஆசனத்தால் வகுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 26,700 வாக்காளருக்கு ஒரு உறுப்பினர், முல்லைத்தீவில் ஏறத்தாழ 10,700 பேருக்கு ஒருவர். உங்கள் அப்பாவின் வாக்குக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய தம்பியின் வாக்கைவிட இரண்டரை மடங்கு பாரம். சனம் குறைந்து காடும் வயலும் கூடிய மாவட்டத்தைத் தனி அலகாக வைத்ததால் வந்த பலன் இது. இதை அநியாயம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் போருக்குப் பிறகு மீண்டும் குடியேறிய, பாதிப் பேர் வெளியில் சிதறிப்போன ஒரு மாவட்டத்துக்கு இந்தச் சலுகை தேவை என்பதே என் எண்ணம்.

இனி ஆசனம் பிரிக்கும் விதம். 2013இல் முல்லைத்தீவில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குச் சுமார் 78 சதவீத வாக்கு, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்குச் சுமார் 20. ஆசனம் 4, 1. வாக்கின் அளவுக்கு ஆசனம், அவ்வளவுதான். மன்னார் இன்னும் சுவாரசியம். அங்கே முதற் கட்சிக்குச் சுமார் 62 சதவீதம், அடுத்ததற்குச் சுமார் 28, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்கு 9 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு ஆசனத்துக்கு இத்தனை வாக்கு என்ற முழுக் கணக்குப்படி ஐந்து ஆசனத்தில் முதற் கட்சிக்கு 3, அடுத்ததற்கு 1 போய்விட்டன. மீதி ஒரு ஆசனம். அது யாருக்கு மிச்ச வாக்கு கூடவோ அவருக்கு. அப்படித்தான் அந்தக் கடைசி ஆசனம் முஸ்லிம் காங்கிரஸுக்குப் போனது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, இருபது வருடம் புத்தளத்து முகாம்களில் இருந்துவிட்டு மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த சமூகம் அது. 38 பேர் கொண்ட சபையில் அந்தக் கட்சிக்கு இருந்த ஒரே கதிரை அந்த மிச்ச வாக்கில் வந்ததுதான். 'வென்றவருக்கே எல்லாம்' என்று மன்னாரை ஐந்து துண்டாக வெட்டியிருந்தால் அது கிடைத்திருக்குமா என்பது கோட்டை யார், எந்த ஊரைச் சுற்றிக் கீறினார் என்பதில் தங்கியிருக்கும்.

பழைய முறை சொக்கத் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. வாக்கெண்ணும் மண்டபத்தில் விடிய விடிய நின்றவன் நான். முதலில் கட்சி வாரியாகச் சீட்டைப் பிரிப்போம். அது ஓரளவு விரைவாக முடியும். அப்புறம் விருப்பு வாக்கு. ஒவ்வொரு சீட்டிலும் வேட்பாளர்களின் இலக்கத்தில் மூன்று வரை புள்ளடி இருக்கும். அதை ஒருவர் வாசிக்க, ஒருவர் கோடு போட, கட்சி முகவர்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சண்டை வருவது எதிரெதிர்க் கட்சிகளின் முகவர்களுக்கிடையில் என்று நினைப்பீர்கள். இல்லை, ஒரே கட்சியின் இரண்டு வேட்பாளர்களுடைய ஆட்களுக்கிடையில்தான். பிரசாரக் காலத்திலும் அதே கதை. இரவில் ஒட்டிய சுவரொட்டியை விடியுமுன் கிழிப்பவர் பெரும்பாலும் சொந்தக் கட்சிக்காரர். மாவட்டம் முழுக்கத் தன் இலக்கத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்றால் வாகனமும் காசும் வேண்டும். ஏற்கெனவே பெயர் தெரிந்தவருக்கு அது சுலபம். சி.வி. விக்னேஸ்வரன் 2013இல் யாழ்ப்பாணத்தில் 132,255 விருப்பு வாக்கு எடுத்தார், முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் என்ற பெயரே அவருக்குச் சுவரொட்டி. ஊரில் நாலு நல்ல காரியம் செய்த ஒரு ஆசிரியைக்கோ சங்கத் தலைவருக்கோ இந்த ஓட்டம் கட்டுப்படியாகாது. அதோடு, தெரிவான பிறகு "எங்கள் உறுப்பினர் யார்?" என்று கேட்டால் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் காட்டலாம்.

இந்தக் குறைகளைத் தீர்க்கிறோம் என்றுதான் 2017இல் சட்டத்தை மாற்றினார்கள். மாற்றிய விதம் இருக்கிறதே, அதில்தான் முடிச்சு.

பெண் வேட்பாளர்களின் பங்கை உறுதிப்படுத்த ஒரு சிறிய திருத்தச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. செப்டெம்பர் 20ஆம் திகதி குழுநிலை விவாதத்தில் பக்கம் பக்கமாகத் திருத்தங்களைச் சேர்த்து, தேர்தல் முறையையே அதற்குள் மாற்றிவிட்டார்கள். பாதி உறுப்பினர்கள் தொகுதிகளிலிருந்து, பாதிப் பேர் விகிதாசாரப் பட்டியலிலிருந்து என்ற கலப்பு முறை. கிழக்கு, வடமத்திய, சப்ரகமுவ சபைகளின் காலம் முடிகின்ற நேரம் அது. தொகுதி என்றால் எல்லை வேண்டும். முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையில் ஐந்து பேர் குழு போட்டார்கள். 2018 பெப்ரவரியில் அவர்கள் 222 தொகுதிகளை வரைந்து அறிக்கை கொடுத்தார்கள். குழுவில் இருந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாவே அதோடு உடன்படவில்லை. சிதறி வாழும் முஸ்லிம்களுக்கும் மலையகத் தமிழருக்கும் இந்தக் கோடுகள் நட்டம் என்பதுதான் முக்கியமான முறைப்பாடு.

2018 ஆகஸ்ட் 24ஆம் திகதி அறிக்கை நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139. ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். சேவையில் இருந்த காலத்தில் நாடாளுமன்றத்து வேடிக்கைகள் பல பார்த்தேன், இதற்கு இணையானது ஞாபகத்தில் இல்லை. சட்டப்படி அடுத்த படி, பிரதமர் தலைமையில் ஐவர் குழு இரண்டு மாதத்துக்குள் அறிக்கையை மீளாய்வு செய்து ஜனாதிபதிக்குக் கொடுப்பது. குழு நியமிக்கப்பட்டது. அறிக்கை வரவில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்று சட்டத்தில் எழுதவும் இல்லை.

சரி, பழைய முறையிலேயே நடத்தலாமா என்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2019இல் உயர் நீதிமன்றத்திடம் அபிப்பிராயம் கேட்டார். முடியாது என்று நீதிமன்றம் ஏகமனதாகச் சொல்லிவிட்டது. ஆக, பழைய சட்டம் செத்தது, புதிய சட்டம் பிறக்கவில்லை. வட மாகாண சபை 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து கலைந்தது. தென், மேல், ஊவா சபைகளும் 2019க்குள் முடிந்தன. உங்கள் கேள்விக்கு இதுதான் விடை. கோடு கீற இவ்வளவு காலம் எடுக்கவில்லை. குழு சில மாதத்திலேயே கீறிவிட்டது. கீறிய கோட்டை யாருக்கும் பிடிக்கவில்லை, தேர்தலை நடத்துவதில் யாருக்கும் அவசரமும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். 1988 நவம்பரில் வடக்கு கிழக்கு சேர்ந்த மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தபோது வடக்கில் போட்டியே இருக்கவில்லை. வாக்குச்சீட்டே அடிக்காமல் உறுப்பினர்கள் வந்தார்கள். 1990இல் அந்தச் சபையும் கலைந்தது. அதன்பிறகு 2013. ஆக, மாகாண சபை முறை வந்து இத்தனை காலத்தில் வடக்கு மக்கள் உண்மையாக வரிசையில் நின்று வாக்களித்தது ஒரே ஒரு தரம். மாகாண சபைக்கு வாக்களித்ததில்லை என்று கவலைப்படும் நீங்கள், அப்பாவைவிட ஒரே ஒரு தேர்தல்தான் பின்னுக்கு நிற்கிறீர்கள்.

எல்லைக் கோட்டுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று தெற்கில் உள்ள நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் பழைய வரைபடங்களைக் காட்டுவேன். மட்டக்களப்பிலிருந்து 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிந்தது. திருகோணமலை மாவட்டத்தில் 1976 எல்லை நிர்ணயத்தில் சேருவில என்ற புதிய தொகுதி வந்தது, குடியேற்றங்களைச் சுற்றிக் கீறிய சிங்களப் பெரும்பான்மைத் தொகுதி. மலையகம் இன்னும் மோசம். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948, 1949 சட்டங்களால் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையும் வாக்கும் போயின. 1952 தேர்தலில் அந்த ஏழு பேரின் இடத்தில் ஒருவரும் இல்லை. அதற்கு மேல், ஆசனம் ஒதுக்கும்போது அதே தோட்ட மக்களின் தலைகளை எண்ணினார்கள். வாக்கில்லாதவரின் தலையால் கண்டிய மாவட்டங்களுக்கு ஆசனம் கூடியது. இப்படியொரு சரித்திரம் இருக்கும்போது, "இது வெறும் நில அளவை வேலை" என்றால் யார் நம்புவார்கள்?

இனி மல்லாவிக்கு வருவோம். புதிய முறையில் மல்லாவிக்கென்று ஒருவர் கிடைப்பாரா? உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. சந்தர்ப்பம் குறைவு.

முல்லைத்தீவுக்கு அதே 5 ஆசனம் என்று வைத்தால், பாதி என்பது இரண்டு அல்லது மூன்று தொகுதி. மாவட்டத்தில் ஆறு பிரதேச செயலகப் பிரிவுகள்: கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா. சனம் திரண்டிருப்பது கரைதுறைப்பற்றிலும் புதுக்குடியிருப்பிலும். உங்கள் துணுக்காய்ப் பிரிவு தனியே ஒரு தொகுதியாக நிற்கும் அளவுக்குச் சனம் இல்லை. மாந்தை கிழக்கோடு சேர்ப்பார்கள், அதுவும் போதாவிட்டால் ஒட்டுசுட்டானில் ஒரு பகுதியையும் இழுப்பார்கள். அப்படி இழுத்தால் மல்லாவியும் பாண்டியன்குளமும் மாங்குளமும் ஒரே தொகுதி. ஏ9 வீதிக்கு மேற்கே ஒரு உறுப்பினர் என்ற அளவில் அது உங்களுக்கு நல்லதுதான். ஆனால் இரண்டே தொகுதி என்று முடிவானால், கோடு கிழக்கே நகர்ந்து, ஒட்டுசுட்டான் முழுவதும் உங்களோடு சேரும். வாக்கு அதிகம் உள்ள பக்கத்துக்காரரே வேட்பாளராவார். சிங்களக் குடியேற்றப் பகுதியான வெலிஓயாவை எதோடு சேர்ப்பது என்பதில் எவ்வளவு சத்தம் வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டா, மூன்றா என்ற அந்த ஒரு எண்ணில்தான் மல்லாவியின் கதை இருக்கிறது.

கலப்பு முறை எப்படி ஓடும் என்று பார்க்க உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. 2018 பெப்ரவரித் தேர்தலில் 60க்கு 40 என்ற கலப்பு. வட்டாரத்துக்கு ஒருவர் கிடைத்தார், அது நல்ல மாற்றம். "எங்கட வட்டார மெம்பர்" என்று லைட் போடாத கம்பத்தைக் காட்டிச் சண்டை பிடிக்க ஒருவர் இருந்தார். ஆனால் புதிய முறையில் வட்டார, பட்டியல் ஆசனங்களைக் கூட்டியதால், நாடு முழுவதும் சுமார் 4,500 ஆக இருந்த உறுப்பினர் தொகை 8,000ஐயும் தாண்டியது. விகிதத்துக்கு மேலாக வட்டாரங்களை வென்ற கட்சிகளால் வந்த தொங்கு ஆசனங்கள், அதாவது மேலதிக ஆசனங்கள், அதை இன்னும் கூட்டின. சில பிரதேச சபைகளில் மண்டபத்தில் கதிரை போட இடம் போதவில்லை. பல சபைகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் தவிசாளர் தெரிவே பேரம் பேசுதலாகிவிட்டது.

என் நிலைப்பாட்டைக் கேட்டால்: முதலில் தேர்தல், பிறகு கோடு. நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து பழைய விகிதாசார முறையை இந்த ஒரு தடவைக்காவது உயிர்ப்பிக்க வேண்டும். எம்.ஏ. சுமந்திரன் நாடாளுமன்றத்தில் இருந்தபோது தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்ததும் இதைத்தான். பெண் வேட்பாளர்களின் பங்கை அதோடு சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு எல்லை நிர்ணயம் தேவையில்லை. 222 தொகுதி அறிக்கையைத் தூசு தட்டி எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது வரையப்பட்டபோது கையில் இருந்தது 2012 சனத்தொகைக் கணக்கு. 2024இல் புதிய கணக்கெடுப்பு நடந்துவிட்டது. முல்லைத்தீவு போன்ற மாவட்டத்தில் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எத்தனை குடும்பம் திரும்பி வந்தது, எத்தனை வெளியேறியது! கோடு வேண்டுமென்றால் புதிய கணக்கில், சபை இயங்கிக்கொண்டிருக்கும்போது, ஆறுதலாகக் கீறலாம். சபையே இல்லாமல் கோட்டுக்குக் காத்திருப்பது பந்தி முடிந்த பிறகு இலைக்குச் சண்டை பிடிப்பதுபோல.

சபை இல்லாவிட்டால் என்ன நட்டம் என்று கொழும்பில் உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்பார்கள். மாகாணப் பாடசாலைகள், ஆதார வைத்தியசாலைகள், ஊர் வீதிகள், விவசாயத் திணைக்களம் எல்லாம் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆளுநரும் பிரதம செயலாளரும் நடத்துகிறார்கள். காசும் வருகிறது. ஆனால் அந்தக் காசு மல்லாவி வீதிக்கா, வேறெங்குமா என்று முடிவெடுப்பவரை நீங்கள் தெரிவு செய்யவில்லை, அகற்றவும் முடியாது. இன்னொரு நட்டம் சட்டத்தில். மாகாணத்துக்குரிய விடயத்தில் நாடாளுமன்றம் சட்டம் ஆக்குமுன் மாகாண சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும். 2012இல் வறுமை ஒழிப்பு வேலைகளை ஒரே திணைக்களத்தின் கீழ் கொண்டுவந்த திவிநெகும சட்டமூலத்தின்போது வடக்கில் சபை இல்லை, ஆளுநர் சம்மதம் கொடுத்தார். தெரிவு செய்யப்பட்ட சபையின் கருத்துக்கு ஆளுநரின் சம்மதம் ஈடாகாது என்றது உயர் நீதிமன்றம். அன்று ஒரு மாகாணத்தில் சபை இருக்கவில்லை. இன்று ஒன்பதிலும் இல்லை.

கடைசியாக உங்கள் பதிவு. நீங்கள் எங்கே சாதாரணமாக வசிக்கிறீர்களோ அங்கே பதியலாம் என்பது சட்டம். வேலைக்காகக் கொழும்பில் அறை எடுத்துத் தங்கி, விடுமுறைக்கெல்லாம் மல்லாவிக்குப் போய்வரும் பிள்ளையின் பெயரைப் பெற்றோர் வீட்டுப் படிவத்தில் சேர்ப்பது வழமை. கிராம அலுவலரும் ஏற்றுக்கொள்வார். இரண்டு இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது, கொழும்பில் வீட்டுக்காரர் தன் படிவத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்புக்கு மாற்றினால் மேல் மாகாண சபைக்கு வாக்களிக்கலாம், அது பாவமில்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கை ஒருமுறை பாருங்கள். முல்லைத்தீவில் உங்கள் வாக்குக்கு இருக்கும் பாரம் கொழும்பில் இருக்காது. என் சொந்த மகள் கேட்டிருந்தால் மல்லாவியிலேயே விடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்பா படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டார் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கொடுத்த படிவம் வாக்காளர் இடாப்பில் ஏறாமல் போன சம்பவங்கள் நிறைய. தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டால் பெயர் இருக்கிறதா, எந்தக் கிராம அலுவலர் பிரிவில் இருக்கிறது என்று காட்டும். இல்லையென்றால், இடாப்பைக் காட்சிக்கு வைத்து உரிமைக் கோரிக்கையும் ஆட்சேபனையும் கேட்கும் காலத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடிவந்தால், கச்சேரியில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லை நிர்ணயத்துக்கு மறுபடி குழு அமைத்து மக்களிடம் ஆலோசனை கேட்டால், அப்போது எழுதுங்கள். கோபத்தைக் கொட்டி எழுதிய பத்துப் பக்கத்தைவிட ஒரு பக்கக் கடிதம் மேசையில் நிற்கும். எந்தெந்தக் கிராம அலுவலர் பிரிவுகள் ஒன்றாக இருக்க வேண்டும், அவற்றின் சனத்தொகை எவ்வளவு, எல்லோரும் எந்த ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிறார்கள், எந்த பஸ் ஓடுகிறது, மழைக்கு எந்தப் பாதை அறுந்து போகிறது. இவ்வளவும் போதும். கணக்காய்வாளர்தானே, இலக்கங்களை ஒழுங்காகப் போட உங்களுக்குத் தெரியும்.

தபால் வாக்கு உங்களுக்கு இல்லை, அது அரச உத்தியோகத்தர் போன்ற சிலருக்கு மட்டும். வாக்களிப்பு நாளில் மல்லாவிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சம்பளம் வெட்டாமல் விடுப்புத் தர வேண்டியது தனியார் நிறுவனத்தின் கடமை. வழமையாக அறிவிக்கும் அளவுப்படி 150 கிலோமீற்றருக்கு மேல் பயணம் என்றால் இரண்டு நாள். கொழும்பிலிருந்து மல்லாவி அதைவிட எவ்வளவோ தூரம். வாக்காளர் அட்டையின் பிரதியை இணைத்து முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால், "இந்த மாதம் கணக்கு முடிக்க வேண்டுமே" என்பார்கள்.